கரடிக்கு விருந்து வைக்க வேண்டாம்: ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவில் இயங்கும் ஊர்ச் சங்கங்களின், பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கோடைகால ஒன்றுகூடல் என்றால் ரொறன்ரோப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் கயிறிழுத்து, சங்கீதக் கதிரை ஓடி, கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுப் பொழுதுபட வீட்டுக்குப் போவது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. இப்போது சில குடும்பங்கள் சேர்ந்து மேற்கே பறந்து வந்து, வன்கூவரில் வான் வாகனம் வாடகைக்கு எடுத்து, பிரேசர் ஆற்றின் கன்யன் என்கிற ஆழமான மலையிடுக்கு வழியாகக் கூடாரம் அடித்துத் தங்கிப் போகிற பயணத்தையும் ஒன்றுகூடல் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோசம்தான். நான் வன்கூவர் பக்கம் இருப்பவன். வருகிற சொந்தக்காரரையும் சிநேகிதரையும் அந்த வழியால் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் கோடைக்கென்று எழுதிவைத்த வேலை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கேட்க வருவது ஒன்றே ஒன்று. ஆள் சேர்த்து, சாப்பாட்டுப் பட்டியல் போடத் தொடங்கும் முன்னர், அந்தச் சாப்பாட்டை இரவில் எங்கே பூட்டி வைக்கப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். யார் புட்டு அவிப்பது, யார் இறைச்சி கொண்டுவருவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

போகாதவர்களுக்காக இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வன்கூவரிலிருந்து கிழக்கே 150 கிலோமீற்றர் வந்தால் ஹோப். அங்கிருந்து முதலாம் இலக்க நெடுஞ்சாலை வடக்கே திரும்பி ஆற்றைப் பிடித்துக்கொள்ளும். யேலுக்கும் பொஸ்ரன் பாருக்கும் இடையில் ஏழு சுரங்கப்பாதைகள். பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார்கள். சைனா பார் சுரங்கம் 600 மீற்றருக்கு மேல் என்பதால் அதில் எல்லோரும் தோற்றுப்போவார்கள். ஆற்றின் இரண்டு கரையிலும் தண்டவாளம், ஒரு பக்கம் சீஎன் இரயில் கம்பனி, மறுபக்கம் முன்பு சீபீ என்றிருந்த சீபீகேசீ கம்பனி. லிற்றனுக்குக் கிட்ட சிஸ்கோ என்ற இடத்தில் இரண்டும் ஆளுக்கொரு பாலம் கட்டிக் கரை மாறிக்கொள்கின்றன. சரக்கு ரயில் இரவிலும் ஓடும். மெல்லிய நித்திரைக்காரர் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள்.

ஹோப்பில் சீடர் மரமும் பாசியுமாக மழைக்காடு. நூறு கிலோமீற்றர் தாண்டி லிற்றன் வரும்போது மரங்கள் ஐதாகி, பொண்டெரோசா பைன், சேஜ் பற்றை என்று வறண்ட நாடு தொடங்கிவிடும். அங்கே கலங்கிய பிரேசரும் நீலப்பச்சையான தொம்சனும் சேர்கின்றன. சேர்ந்த பிறகும் இரண்டு நிறமும் உடனே கலக்காமல் கொஞ்சத் தூரம் பக்கம் பக்கமாக ஓடும். எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. ஸ்பென்சஸ் பிரிட்ஜ் பக்கம் வளைந்த கொம்போடு காட்டுச் செம்மறிகள் ரோட்டுக்கே இறங்கி வரும். மேலே பார்த்தால் கழுகும் மீன்பிடிப் பருந்தும். ஆற்றுக்குள் வெள்ளை ஸ்ரேஜன் என்ற மீன் இருக்கிறது. நூறு வயதைத் தாண்டியும் வாழும், நம்முடைய வானைவிட நீளமாகக்கூட வளரும். அது கண்ணில் படாது. ஆனால் காலடியில் அப்படி ஒன்று ஓடுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், பிறகு ஒருவரும் போனைப் பார்க்க மாட்டார்கள்.

சரி, இனிக் கரடி.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் கருங்கரடி ஒரு இலட்சத்துக்கு மேல் உண்டு. கன்யன் முழுக்க அதன் நடமாட்டம்தான். லிற்றனுக்கு எதிரே பிரேசரில் விழுகிற ஸ்ரைன் ஆற்றுப் பக்கம் கிறிஸ்லி என்ற பழுப்புக் கரடியும் இருக்கிறது, மிகச் சொற்பமாக. ஆளைக் கண்டால் கரடி பெரும்பாலும் விலகிப் போய்விடும். ஊரில் நாங்கள் பயந்த கரடிக் கதைகளை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. பயப்பட வேண்டியது அதன் மூக்குக்கு. கோடை முடிகிற காலத்தில் குளிர்கால உறக்கத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கிற கரடிக்கு ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தேவைப்படும். அதைப் பழம் பழமாகப் பொறுக்கித்தான் சேர்க்கிறது. அந்த நிலையில் இருக்கிற மிருகத்தின் பாதையில் இஞ்சி, உள்ளி, மிளகாய்த்தூள் போட்டு ஊறவைத்த பத்து இறாத்தல் கோழியை வைத்தால் என்ன நடக்கும்?

நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் காம்பிங் இடம், யார் வீட்டுக் கூட்டம் என்பது வேண்டாம். எங்களுக்கு அடுத்த இடத்தில் எங்கள் ஆட்கள். அருமையான மனிதர்கள், கண்டவுடன் தட்டில் சாப்பாடு போட்டுத் தந்தவர்கள். இரவு பாட்டுப் பாடிவிட்டுக் கூலரை வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்தார்கள். விடியப்புறம் வந்த கரடி கூலர் மூடியைக் கிழித்து, கோழியையும் ஒரு போத்தல் சம்பலையும் முடித்துவிட்டு, தயிர்ப் பெட்டியை நக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் வானுக்குள் ஏறி வீடியோ எடுத்தார்கள். நல்ல பகிடியாகத்தான் இருந்தது, அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் இரண்டு கண்டம் சுற்றியது. அவர்கள் மத்தியானம் கிளம்பிவிட்டார்கள். கரடி அன்றிரவும் வந்தது, வேறொரு குடும்பத்தின் கூடாரத்துக்கு. அதற்கடுத்த நாள் ஒரு பிக்கப்பின் பின்னால் பெரிய இரும்புக் குழாய் மாதிரிப் பொறியை இழுத்து வந்து வைத்தார்கள். இளங்கரடி என்று அங்கே வேலை செய்த பிள்ளை சொன்னாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிடித்துத் தூரக் கொண்டுபோய் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விட்டிருக்கிறார்கள். கரடி மலை தாண்டி, ஆறு தாண்டித் திரும்பி வந்துவிடும்; வராவிட்டால் புது இடத்தில் இன்னொருவரின் குப்பைத் தொட்டியைத் தேடும். மனிதன் இருக்கிற இடத்தில் சாப்பாடு இருக்கிறது என்று ஒருமுறை படித்ததை அது மறப்பதில்லை. அதனால்தான் இந்த மாகாணத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கருங்கரடிகளை வனவிலங்கு அதிகாரிகளே சுட வேண்டியிருக்கிறது. கரடி, ஓநாய், கயோட்டி, மலைச்சிங்கம் போன்றவற்றுக்குச் சாப்பாடு போடுவது இங்கே சட்டப்படி குற்றம். வெளியே சாப்பாட்டை விட்டு அவற்றை வரவழைப்பதற்கும் அபராதம் உண்டு. ஆனால் நான் அபராதத்தைச் சொல்லிப் பயப்படுத்த எழுதவில்லை. பசியோடு வருகிறவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அணிலுக்குப் பாண் துண்டு போடுவதிலும், காகத்துக்குச் சோறு வைக்கிற பழக்கத்திலும் பாவம் ஒன்றும் இல்லை. அதே கையைக் கன்யனில் நீட்டினால் சாவது அந்த விலங்கு.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும்பும், எனக்குத் தெரியும். "ஏன், வெள்ளைக்காரர் குப்பை போடுவதில்லையா? பியர்ப் போத்தலும் ஹொட்டோக்கும் வெளியே விட்டுவிட்டுப் படுப்பதில்லையா?" போடுகிறார்கள், விடுகிறார்கள். அவர்களுக்கும் யாராவது மடல் எழுதட்டும். ஆனால் இரண்டு பேர் கொண்டுவருகிற ஹொட்டோக்கும், முப்பது பேருக்கு மூன்று நாளைக்கென்று நாங்கள் கட்டிவருகிற சாமானும் ஒன்றல்ல. எங்கள் சமையலின் வாசம் வேறு, அளவு வேறு, மிச்சம் வேறு. கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார் வாசம் எவ்வளவு தூரம் போகும் என்று. கரடியின் மூக்கு அதைவிட எத்தனையோ மடங்கு.

அப்படியென்றால் வெறும் பாணும் பீநட் பட்டரும் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. நாங்களும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள்தான். பெரிய சமையலை மத்தியானத்தோடு முடித்துக்கொள்வோம். கறியை வீட்டிலேயே சமைத்து உறையவைத்துக் கொண்டுபோனால் அங்கே சூடாக்குவது மட்டும்தான். தாளிக்கிற வேலை இல்லை, வாசமும் பாதியாகிவிடும். இரவுக்கு இடியப்பமோ பாணோ, அதுவும் வெளிச்சத்தோடு. கோப்பை கழுவின தண்ணீரைப் பற்றைக்குள் ஊற்றக் கூடாது. எண்ணெய்ச் சட்டி, அடுப்பு, குப்பைப் பை, நாய்ச் சாப்பாடு, பற்பசை, அம்மம்மாவின் நல்லெண்ணெய், குழந்தையின் பால்மா எல்லாம் வானுக்குள் போய்க் கதவு பூட்டப்பட வேண்டும். இரும்புப் பெட்டி வைத்திருக்கிற இடமென்றால் அதற்குள். கூடாரத்துக்குள் ஒரு மிக்ஸர் பைக்கற்கூட இருக்கக் கூடாது. கரடிக்கு அந்தத் துணிச் சுவர் ஒரு சுவரே இல்லை. கூலரைக் கயிற்றால் கட்டிவிட்டோம், மேலே கல் வைத்துவிட்டோம் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் கூட்டத்தின் குணம், எந்தச் சங்கக் கூட்டத்திலும் கண்டிருப்பீர்கள். பொருளாளர் என்று ஒருவரை வைப்பதுபோல, இரவு பத்து மணிக்கு ரோச் லைற் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்து எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள். பதின்ம வயதுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. பெரியவர்களை அதட்டக் கிடைக்கிற சந்தர்ப்பத்தை அவர்கள் விட மாட்டார்கள்.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாகாணப் பூங்காக்களில் ஒரு இடத்தில் எட்டுப் பேருக்கு மேல் தங்க முடியாது, அதிலும் பதினாறு வயதைத் தாண்டியவர்கள் நாலு பேர்தான். பக்கத்துப் பக்கத்து இடங்களை எடுத்துவிட்டு எல்லோரும் ஒன்றில் கூடி ஸ்பீக்கர் போட்டால், கரடிக்கு முன்னர் அதிகாரி வந்துவிடுவார். குழுக்களுக்கென்று தனியான இடங்கள் சில பூங்காக்களில் இருக்கின்றன. மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிய வேண்டும். எமரி கிறீக், ஸ்கிஹிஸ்ற், கோல்ட்பான் போன்ற சின்ன இடங்களுக்கு மூன்று குடும்பத்துக்கு மேல் சேர்ந்து போகாமல் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. கயிறிழுத்தலை ஸ்காபரோவிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆறு. ஆற்றைக் கண்டால் இறங்கிக் குளிக்காமல் எங்களால் வர முடியாது. பிரேசரில் இறங்க வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஹெல்ஸ் கேற் என்ற இடத்தில் ஆறு 35 மீற்றர் அகலத்துக்கு ஒடுங்குகிறது. பனி உருகி வெள்ளம் வருகிற யூன் மாதத்தில், நயாகராவில் விழுகிற தண்ணீரைவிடக் கூடுதலான தண்ணீர் அந்த இடுக்கால் போகும். 1808 இல் அந்த வழியால் வந்த சைமன் பிரேசர், மனிதர் துணிந்து வரக்கூடாத இடம் என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். பாறையில் கட்டியிருந்த ஏணிகளையும் கயிறுகளையும் பிடித்துத்தான் கடந்தார், அந்த வழியைக் காட்டியவர்கள் அங்கத்தைய மக்கள். மேலே இருந்து பார்க்கிறபோது சில வளைவுகளில் ஆறு சும்மா கிடப்பதுபோலத் தெரியும். கீழே சுழி. தண்ணீர் கலங்கல் என்பதால் முழங்காலளவு இறங்கினாலே கால் தெரியாது. ஒரு பிள்ளை அமிழ்ந்தால் எங்கே தேடுவது என்று தெரியாது. குளித்துத்தான் ஆகவேண்டுமென்றால் ஹோப்பில் கவ்காவா ஏரி இருக்கிறது. அங்கே போய் ஆசை தீரக் குளியுங்கள், மிதவைச் சட்டையோடு.

அந்த ஆற்றை மனிதர் ஒருமுறை அடைத்தே விட்டார்கள். இரயில் பாதை போடுவதற்காகப் பாறை உடைத்துக் கொட்டியதில் 1914 இல் ஹெல்ஸ் கேற்றில் மலைச்சரிவு ஏற்பட்டது. முட்டையிட மேலே ஏறிவந்த சமன் மீன்கள் அந்த வேகத்தைத் தாண்ட முடியாமல் கீழேயே நின்று செத்தன. மீன் ஏறுவதற்கான கொங்கிறீற் வழிகளைக் கட்டியது 1940களின் நடுப்பகுதியில். இடைப்பட்ட முப்பது வருசம் அந்த மீனை நம்பியிருந்த மக்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை மீன் நம்பி வாழ்ந்த கடற்கரை ஊர்ச் சங்கங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இன்று அடம்ஸ் ஆற்றுக்குப் போகிற சொக்கை சமன் நாலு வருசத்துக்கு ஒருமுறை பெருவாரியாக வரும்: 2010, 2014, 2018, 2022. அந்த வரிசையில் அடுத்தது 2026. கோடை முடிவில் போகிறவர்கள் ஹெல்ஸ் கேற்றில் இறங்கி அந்த மீன்வழிகளைப் பாருங்கள்.

போகிற வழியில் ஆற்றங்கரைப் பாறைகளில் மரச்சட்டம் கட்டி, கூரை போட்டு, செக்கச்செவேல் என்று மீன் தொங்குவதைக் காணலாம். யூலை மாதத்து வறண்ட காற்றிலேயே சமனைக் காயவைக்கிறார்கள். ஸ்ரோலோ, ங்லகாப்மக் என்ற பூர்வகுடி மக்களின் பழைய தொழில் அது. எந்தப் பாறை எந்தக் குடும்பத்துடையது என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற உரிமை. இறங்கிப்போய்ப் பந்தலுக்குள் நின்று செல்பி எடுக்க வேண்டாம். விற்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். வாங்கினால் அதுவும் வானுக்குள் பூட்டப்பட வேண்டிய சாமான்தான். எங்கள் வீட்டில் அதைக் கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வைத்தோம், ஆனால் வன்கூவருக்குத் திரும்பி வந்த பிறகு.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செம்மறியைக் கண்டு நடு ரோட்டில் வானை நிறுத்தாதீர்கள், பின்னால் லொறி வரும். முப்பது மீற்றருக்குக் கிட்டப் போகவேண்டாம். கரடியென்றால் நூறு மீற்றர். லிற்றனிலிருந்து காஷ் கிறீக் வரை கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. பாம்பென்றால் பொல்லுத் தேடுகிற கை எங்களுக்கு. இது பாதுகாக்கப்பட்ட உயிர், வழிவிட்டால் அது தன் பாட்டில் போய்விடும். இரவில் செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போடுங்கள். ஹோப்பிலேயே பெற்றோல் நிரப்புங்கள், கன்யனுக்குள் பல இடங்களில் போன் வேலை செய்யாது.

நெருப்பை மட்டும் சுருக்க முடியாது. லிற்றனில் 2021 யூன் 29 ஆம் திகதி வெப்பம் 49.6 பாகை. கனடாவில் அதற்கு முன் எங்கும் அவ்வளவு பதிவானதில்லை. அடுத்த நாள் ஊர் எரிந்தது. வீடு, கடை, அங்கே வாழ்ந்த சீனரின் வரலாற்றைச் சொல்ல ஒருவர் தேடித்தேடிச் சேர்த்த அருங்காட்சியகம் எல்லாம் சில மணித்தியாலத்தில் போயின. இரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஊரை ஊடறுத்து வானில் போகிறபோது பாட்டைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, அவ்வளவுதான் சொல்வேன். நெருப்புத் தடை போட்டிருந்தால் விறகு நெருப்பு கூடாது. மீறினால் அபராதம் 1,150 டொலர். சின்னக் காஸ் அடுப்புக்கு அனுமதி உண்டு, தேத்தண்ணிக்கும் கறி சூடாக்கவும் அது போதும். தடை இல்லாத நாளிலும் எரிகிற நெருப்பு அரை மீற்றர் உயரத்தைத் தாண்டக் கூடாது, பக்கத்தில் எட்டு லீற்றர் தண்ணீரோ மண்வெட்டியோ இருக்க வேண்டும். படுக்கப் போகும் முன் சாம்பலைத் தொட்டுப் பார்த்துக் குளிராக இருந்தால்தான் அணைந்தது என்று கணக்கு.

இனி உங்கள் வேலை. ஒன்றுகூடல் அறிவித்தலில் "கொண்டுவர வேண்டியவை" என்ற இடத்தில் வழக்கமாகக் கதிரை, குடை, காகிதக் கோப்பை என்று போடுவீர்கள். கன்யன் பயணமென்றால் அதற்கு மேலே இந்த இரண்டு வரியைப் போடுங்கள்: "இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சாப்பாடும் குப்பையும் வாசமுள்ள எந்தச் சாமானும் வெளியிலோ கூடாரத்திலோ இருக்கக் கூடாது, வாகனத்துக்குள் பூட்டப்பட வேண்டும். இதற்குச் சம்மதிக்காத குடும்பத்தின் பெயரைப் பதிய மாட்டோம்." இரண்டாவது வரியைப் பார்த்துச் சிலர் கோபிப்பார்கள். சந்தா கட்டாதவரின் பெயரை எடுக்கும்போதும் கோபித்தார்கள், சங்கம் நடந்துகொண்டுதானே இருக்கிறது.

கரடிக்கான மிளகு ஸ்பிறே விமானத்தில் கொண்டுவர முடியாது. இங்கே வந்துதான் வாங்க வேண்டும், வெளிப்புற விளையாட்டுச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். குடும்பத்துக்கு ஒன்று வாங்குங்கள். பைக்குள் அடியில் வைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள். அதை எப்படி அடிப்பது என்று பிள்ளைகளுக்கு முன்னர் பெரியவர்கள் பழகிக்கொள்ளுங்கள், காற்று எங்கள் பக்கம் அடிக்கிறதா என்று பார்க்கிறது உட்பட.

அன்புடன்,
வன்கூவர்ப் பக்கத்திலிருந்து உங்களில் ஒருவன்